விசைப்பலகை போனுக்கு என் மதிப்பெண்

கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவிவிட்டு, நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் 1989 செட் பையன் ஒருவன் (பையன் என்கிறேன், அவன் மகளே காலேஜ் போகிறாள்) ஒரு படம் அனுப்பியிருந்தான். ஐபோனுக்கு உறை மாதிரி மாட்டிக்கொண்டால் அடியில் பட்டன் பட்டனாக விசைப்பலகை வந்துவிடுமாம். "டீச்சர், நீங்க முன்னாடி வச்சிருந்தீங்களே, அந்த மாதிரி போன் திரும்ப வருது. வாங்கலாமா?" என்று கேட்டிருந்தான். இரண்டு வரியில் பதில் போட மனம் வரவில்லை. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் விடைத்தாள் திருத்திய கை இது. ஒரு பொருளைக் கொடுத்து "எப்படி?" என்று கேட்டால் கேள்வி கேள்வியாகப் பார்த்துத்தான் மதிப்பெண் போட வரும்.

நான் வைத்திருந்தது ட்ரியோ 650. கலிபோர்னியாவில் இருக்கும் என் அக்கா மகன் 2006-ல் ஊருக்கு வந்தபோது, "சித்தி, நான் வேற போன் மாத்திட்டேன், இது சும்மாதான் கிடக்கு" என்று கொடுத்துவிட்டுப் போனான். எங்கள் ஆசிரியர் அறையில் அப்போது எல்லார் கையிலும் நோக்கியா 1100. டார்ச் அடிக்குமே, அதுதான். அந்த நேரத்தில் என் கையில் மட்டும் ஒரு சோப்புக்கட்டி அளவுக்கு, தலையில் குட்டிக் கொம்போடு, வயிற்றில் முழு ஆங்கில விசைப்பலகையோடு, முதுகில் ஒரு எழுத்தாணியைச் செருகி வைத்துக்கொண்டு ஒரு போன். ஸ்டைலஸ் என்பதற்குப் புதுச்சொல் தேட வேண்டாம். நம்மிடம் எழுத்தாணி என்று பழைய சொல்லே இருக்கிறது. அதைத் தயாரித்த கம்பெனியின் பெயர் பாம். ஆங்கிலத்தில் உள்ளங்கைக்கும் பாம், பனைக்கும் பாம். அவர்கள் நினைத்தது உள்ளங்கையை. எனக்கு ஞாபகம் வந்தது பனையோலை.

இந்தப் போன் பிறந்த கதையைச் சொல்லாமல் மதிப்பெண் போட முடியாது. ஏனென்றால் அதில் ஒண்ணாம் வகுப்பு டீச்சர்களுக்கு ஒரு பெரிய பாடம் இருக்கிறது.

1993-ல் ஆப்பிள் கம்பெனி நியூட்டன் என்று ஒரு கையடக்கக் கருவி கொண்டு வந்தது. நாம் எப்படிக் கிறுக்கினாலும் அதுவே படித்துப் புரிந்துகொள்ளும் என்றார்கள். அது தப்புத் தப்பாகப் படித்தது. கேலிச்சித்திரம் போட்டுச் சிரித்தார்கள். ஜெஃப் ஹாக்கின்ஸ் என்ற பொறியாளர் அப்போது வேறு மாதிரி யோசித்தார். சட்டைப்பையில் அடங்குகிற அளவுக்கு ஒரு மரக்கட்டையை வெட்டி, ஒரு குச்சியை எழுத்தாணியாக வைத்துக்கொண்டு, எங்கே போனாலும் அந்தக் கட்டையில் எழுதுகிற மாதிரி பாவனை செய்து பார்த்தாராம். உள்ளே ஒரு கம்பி கிடையாது. கையில் எப்படி நிற்கிறது, எத்தனை தடவை எடுக்கிறோம், எதற்காக எடுக்கிறோம் என்று பார்த்துவிட்டுத்தான் இயந்திரம் செய்யப் போனார். 1996-ல் வந்த பைலட் அப்படிப் பிறந்தது.

அதில் கிராஃபிட்டி என்று ஓர் எழுத்து முறை. ஒவ்வோர் ஆங்கில எழுத்தையும் ஏறக்குறைய ஒரே கோட்டில், எழுத்தாணியை எடுக்காமல் போட வேண்டும். 'ஏ' என்றால் நடுக்கோடு இல்லாத கூரை மட்டும். இயந்திரம் நம் கையெழுத்தைக் கற்றுக்கொள்ளாது, நாம்தான் அதற்குப் புரிகிற மாதிரி எழுதப் பழக வேண்டும். கேட்டால் அநியாயமாக இருக்கிறதல்லவா? ஆனால் சனங்கள் சந்தோஷமாகப் பழகினார்கள். ஏனென்றால் எழுதியது எழுதியபடி வந்தது. பிள்ளையும் அப்படித்தான். "உன் இஷ்டத்துக்கு எழுது, நான் புரிந்துகொள்கிறேன்" என்று சொல்லும் டீச்சரைவிட, "இப்படிச் சுழி போடு, சரியாக வரும்" என்று சொல்லும் டீச்சரிடம்தான் அதற்குத் தைரியம் வரும்.

பிறகு அதே ஹாக்கின்ஸ், பாம் கம்பெனியிலிருந்து வெளியேறி 1998-ல் கூட்டாளிகளோடு ஹேண்ட்ஸ்ப்ரிங் என்று தொடங்கினார். அங்கேதான் ட்ரியோ பிறந்தது. 2002-ல் முதல் ட்ரியோ வந்தபோது இரண்டு வகையாக விற்றார்கள். ஒன்றில் கிராஃபிட்டி எழுதும் இடம், இன்னொன்றில் குட்டி விசைப்பலகை. விசைப்பலகைதான் ஜெயித்தது. அடுத்து வந்த ட்ரியோக்களில் கிராஃபிட்டிக்கு இடமே இல்லை. தான் ஊட்டி வளர்த்த எழுத்து முறையைத் தானே ஓரங்கட்டுவதற்கு ஒரு மனசு வேண்டும். 2003-ல் இரண்டு கம்பெனியும் மறுபடி ஒன்றாகி, 2004 கடைசியில் 650 வந்தது.

இனி மதிப்பெண்.

விசைகளுக்கு முழு மதிப்பெண். ஒவ்வொரு விசையும் உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிசு, நடுவில் லேசாக மேடு. கட்டைவிரலுக்கு எந்த விசை எங்கே என்று பத்து நாளில் தெரிந்துவிடும். கூட்டமான பஸ்ஸில் ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பார்க்காமலே "நெக்ஸ்ட் ஸ்டாப்" என்று ஆங்கிலத்தில் அடித்து அனுப்பியிருக்கிறேன். பெயரின் எழுத்து ஒன்றிரண்டை அடித்தால் ஆள் வந்துவிடும், அழுத்தினால் கால் போகும். இப்போது கண்ணாடித் திரையில் 'க' அடிக்கப் போனால் 'ப' விழுகிறது. விரலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று விரலுக்குத் தெரியாத காலம் இது.

எழுத்தாணிக்கும் நல்ல மதிப்பெண்தான். அந்தத் திரை அழுத்தத்தில் வேலை செய்யும். மேலே ஒரு மெல்லிய ஏடு, கீழே ஒன்று. அழுத்திய இடத்தில் இரண்டும் தொட்டுக்கொள்ளும். அதனால் எழுத்தாணி, நகம், பேனா மூடி எதுவானாலும் சரி. இன்றைய திரைகள் விரலின் மின்சாரத்தை உணர்ந்து வேலை செய்பவை. வருஷக்கணக்கில் சாக்பீஸ் பிடித்துக் காய்ந்துபோன எங்கள் விரலை அது சில சமயம் மனுஷ விரலாகவே மதிப்பதில்லை. என் வயசு ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டே ஆமாம் என்பார்கள்.

தலையில் ஒரு சின்ன நகர்த்தி உண்டு. தள்ளினால் சத்தம் நிற்கும். வகுப்புக்குள் நுழையும்போது கைப்பைக்குள் கையை விட்டு, பார்க்காமலே தள்ளிவிடலாம். எந்தப் பட்டியலுக்குள்ளும் போகத் தேவையில்லை. பேட்டரியை நாமே கழற்றி மாற்றலாம். வந்த செய்தியையும் போன செய்தியையும் பேச்சு மாதிரி வரிசையாகக் காட்டும். இன்று வாட்ஸ்அப்பில் பார்ப்பது போலவே. கேமரா சுமார். வை-ஃபை கிடையாது. கனம் 180 கிராம் பக்கம், இன்றைய போன்களும் ஏறக்குறைய அவ்வளவுதான், ஆனால் அது தடிமன். இதற்கெல்லாம் பெரிதாகக் குறைக்க மாட்டேன், அந்தக் காலத்துக்கு அது அதுதான்.

எல்லாம் கூட்டினால் முதல் வகுப்பு. ஆனால் ஒரு பாடத்தில் சைபர், அதுவும் பொதுப் பாடத்தில். வாங்கியபடி அதில் தமிழ் எழுதவும் முடியாது, படிக்கவும் முடியாது. பாம் இயங்குதளத்துக்கு யூனிகோடு என்ற பொதுக் குறியீடு தெரியாது. விசையில் இருந்தது இருபத்தாறு ஆங்கில எழுத்து. நான் அதில் ஆங்கிலத்தில் எழுதினேன், தமிழை நோட்டில் எழுதினேன்.

இதைச் சொன்னால் அக்கா மகன், "சித்தி, அமெரிக்காவில வித்த போன் அது, அவங்க எதுக்குத் தமிழ் வைக்கணும்?" என்பான். நியாயம்தான். அமெரிக்காக்காரர் மேல் எனக்கு வருத்தமே இல்லை. என் கேள்வி நம்மைப் பற்றியது. அந்தக் காலத்தில் போன்களை மதிப்பிட்டு எழுதியவர்கள், நம் ஊர்க்காரர்களும்தான், திரை எத்தனை புள்ளி, நினைவகம் எவ்வளவு, பேட்டரி எத்தனை மணி நேரம் என்று எழுதினார்களே, இதில் அம்மாவுக்கு எந்த எழுத்தில் கடிதம் எழுதுவது என்று ஒரு வரி எழுதினார்களா? என் கண்ணில் பட்டதில்லை. கேட்கப்படாத கேள்விக்கு யாரும் படித்துக்கொண்டு வரமாட்டார்கள். எந்த வகுப்பிலும் இதுதான் நடக்கும்.

போன் மட்டுமல்ல, காசும் சேர்ந்துகொண்டது. இந்தக் கணக்கைப் பல பேருக்குத் தெரிந்திருக்காது, சொல்கிறேன். ஒரு எஸ்.எம்.எஸ்ஸில் ஆங்கில எழுத்தானால் 160 இடம். அதில் ஒரே ஒரு தமிழ் எழுத்து வந்தாலும் மொத்தமும் யூனிகோடுக்கு மாறி 70 இடமாகச் சுருங்கிவிடும். அந்த 70-லும் நம் எழுத்து ஒன்றுக்கு ஓர் இடம் என்று கணக்கில்லை. 'வணக்கம்' என்பதில் நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. இயந்திரத்துக்கு ஏழு. புள்ளி வைத்த எழுத்தில் புள்ளிக்குத் தனி இடம். ஆக நாலு வரி நலம் விசாரித்தால் ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக் காசு, தமிழில் இரண்டு, மூன்று. தீபாவளி, பொங்கல் அன்று வாழ்த்து அனுப்பிய பிள்ளைகள் எந்த வழியில் போவார்கள்? ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதும் பழக்கம் கொழுப்பினால் வந்ததில்லை. சிக்கனத்தினால் வந்தது.

அந்தச் சிக்கனத்துக்குக் காரணம் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. வாட்ஸ்அப்பில் எழுத்துக்குக் காசு கிடையாது. எல்லாப் போனிலும் தமிழ் தெரிகிறது. பழக்கம் மட்டும் போகவில்லை. எனக்குத் தினமும் வரும் செய்திகளில் பாதிக்கு மேல் ஆங்கில எழுத்துத் தமிழ். அனுப்புகிறவர்கள் யார்? 'அ'னாவுக்கு நான் கை பிடித்து எழுத வைத்த பிள்ளைகள்.

"புரிஞ்சா போதாதா டீச்சர்?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மாணவியின் அம்மாவுக்கு பெரிய ஆபரேஷன். நான் விசாரித்திருந்தேன். மறுநாள் காலையில் பதில் வந்தது. ஆபரேஷன் முடிந்தது என்று ஒரு வரி. அடுத்த வரியில் வி, ஏ, எல், ஐ என்று நாலு ஆங்கில எழுத்து, அப்புறம் "தெரியல டீச்சர்". அம்மாவுக்கு வலி தெரியவில்லையா? இவளுக்கு வழி தெரியவில்லையா? முதலாவது என்றால் நிம்மதி. இரண்டாவது என்றால் நான் அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். உடனே கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஐ.சி.யூ வாசலில் போனை அணைத்து வைத்திருக்கிறாள். மத்தியானம் வரை அந்த நாலு எழுத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நல்லவேளையாக வலிதான். லகரத்துக்கும் ழகரத்துக்கும் நான் எத்தனை வீட்டுப்பாடம் கொடுத்தேன் என்று அந்த வகுப்புக்குத் தெரியும். இயந்திரத்தில் இரண்டும் ஒரே விசை என்றால் அந்த வீட்டுப்பாடம் எங்கே போய் நிற்கும்?

கருவிக்கு ஏற்ப எழுத்து வளைவது புதிதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓலையில் ஆணியால் அழுத்திப் புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டுவிட்டு எழுதிய காலம் நமக்கு உண்டு. படிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். பெரியார் 1935-லேயே 'குடி அரசு' இதழில் சீர்திருத்த எழுத்தைப் புழங்க ஆரம்பித்தார், அச்சுக்கும் கற்பதற்கும் எளிது என்பதும் அதற்கு ஒரு காரணம். நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போன காலத்தில், 1978-ல்தான், அரசாணை வந்தது. தும்பிக்கை வைத்த 'லை'யில் படித்துவிட்டு, தும்பிக்கை இல்லாத 'லை'யைக் கற்பிக்கப் போன தலைமுறை நாங்கள். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஏனென்றால் அங்கே எழுத்து மாறியது, எழுத்து போகவில்லை.

டைப்ரைட்டரும் அப்படித்தான். தமிழ் லோயர் பாஸ் செய்தவள் நான், அதனால் தெரியும். ஆங்கிலத்துக்காகச் செய்த இயந்திரத்தில் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா உட்கார்ந்து யோசித்துத் தமிழுக்கு விசை ஒழுங்கு செய்தார். கைப்பேசிக்கு மலேசியாவின் முத்து நெடுமாறன் செல்லினம் செய்து 2005-ல் கொண்டு வந்தார். ட்ரியோ 650 கடைகளில் இருந்த அதே காலம்தான் அது! இயந்திரத்தின் பக்கத்தில் நம் ஆள் ஒருவர் நின்று பேரம் பேசிய இடத்தில் எல்லாம் தமிழ் உள்ளே போயிருக்கிறது. மற்ற இடங்களில் நாமாகவே வெளியே நின்றுகொண்டோம்.

இன்னொன்று. 1999-ல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு நடந்து, தமிழ்99 என்ற விசை ஒழுங்கைத் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. இடது கைப் பக்கம் உயிர் பன்னிரண்டு, பெரும்பாலும் வலது கைப் பக்கம் மெய் பதினெட்டு, புள்ளிக்கு ஒரு விசை. மொத்தம் முப்பத்தொன்று. முப்பத்தொரு விசையில் 247-ம் வந்துவிடும். நாம் ஒண்ணாம் வகுப்பில் சொல்லிக் கொடுக்கும் முறையே அதுதான், மெய்யோடு உயிர் சேர்த்தால் உயிர்மெய். அதே மெய்யை இரண்டு தடவை அடித்தால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழும். 'வணக்கம்' அடிக்க ஆறு தட்டு. ஆங்கில எழுத்தில் எட்டு. ட்ரியோவில் இருந்தது இருபத்தாறு எழுத்து விசை. ஐந்தே ஐந்து விசைதான் குறைவு! கீழ் வரிசையில் இருந்த குறிகளை நகர்த்தியிருந்தாலே இடம் கிடைத்திருக்கும். எனக்கு இப்போதும் ஆறாத ஆதங்கம் இதுதான். பார்க்காமல் அடிக்கக்கூடிய, விரலுக்குத் தெரிகிற தமிழ் விசைப்பலகையோடு ஒரு போன் என் பிள்ளைகள் கையில் 2005-ல் இருந்திருந்தால்...

இருந்திருக்காது. அதற்குள் 2007 ஜனவரி வந்துவிட்டது. ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனைக் காட்டிய அன்று, திரையில் நாலு போன்களின் படத்தைப் போட்டுக் குறை சொன்னார். அதில் ஒன்று ட்ரியோ. வேண்டுமோ வேண்டாமோ அந்த பிளாஸ்டிக் விசைகள் அங்கேயே கிடக்கும், வேலைக்குத் தக்கபடி மாறாது என்பது அவர் சொன்ன குறை. எழுத்தாணி யாருக்கு வேண்டும் என்றும் கேட்டார். விசைப்பலகைப் பிரியை என்றாலும் இங்கே நான் அவருக்கு மதிப்பெண் போட்டே ஆக வேண்டும். அவர் தமிழை நினைத்துச் சொல்லவில்லை. முதல் ஐபோனில் தமிழ் விசைப்பலகையும் கிடையாது. ஆனால் பிளாஸ்டிக்கில் அச்சடித்த எழுத்து மாறாது, கண்ணாடியில் வரைந்த எழுத்து மாறும். பின்னால் தமிழ் வந்து உட்கார அந்தக் கண்ணாடிதான் இடம் கொடுத்தது. பாம் கம்பெனியை 2010-ல் ஹெச்.பி. வாங்கியது, அடுத்த வருஷமே அந்தப் போன் வேலையை நிறுத்தியும் விட்டது.

அதனால் அந்த 1989 செட் பையனுக்கு என் பதில்: விரலுக்குச் சுகமாகத்தான் இருக்கும், அதில் சந்தேகமில்லை. நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், விசைகளில் ஆங்கிலம் மட்டும்தான் அச்சடித்திருக்கிறது. உன் ஆபீஸ் மெயிலுக்கு வாங்கிக்கொள். என்னோடு பேசுவதற்கு அது வேண்டாம்.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன். ஐபோன் அமைப்பில் விசைப்பலகைக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால் தமிழ்99 காட்டும். ஆண்ட்ராய்டில் செல்லினம் போட்டால் அதிலும் தமிழ்99 உண்டு. விசை வேண்டாம் என்றால் ஜிபோர்டில் தமிழ்க் கையெழுத்து இருக்கிறது, விரலால் எழுதினால் போதும். நியூட்டனால் முடியாமல் போன வேலையை இன்று அது நன்றாகவே செய்கிறது, என் கையெழுத்தையே படிக்கிறது. ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாற்றித் தருவதும் இருக்கிறது. ஒன்றுமில்லாததற்கு அது மேல். ஆனால் ல, ள, ழவில் அது எதைக் கொடுக்கிறதோ அதைப் பார்த்துத் திருத்தாமல் அனுப்பாதீர்கள்.

இந்தப் பதிவுக்குக் கருத்துப் போடுகிறவர்கள் தமிழ் எழுத்தில் போடுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் திட்ட மாட்டேன். அக்கா மகனிடமும் இதையே சொன்னேன். நேற்று ராத்திரி அவனிடமிருந்து முதல் தடவையாகத் தமிழில் செய்தி வந்தது. "சித்தி சாப்டீங்கலா" என்று எழுதியிருந்தான். 'ளா'வைத் திருத்தி அனுப்பிவிட்டு, இரண்டு இட்லி சாப்பிட்டேன் என்று பதில் போட்டேன்.